சும்மா இருக்க வைக்கும் புரதங்கள்

வணக்கம்.

மரபணு என்றதும் அது என்ன வேலை செய்கிறது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நான் பேச வந்திருப்பது அது எப்படிச் சும்மா இருக்கிறது என்பதைப் பற்றி. சும்மா இருப்பது என்ன பெரிய காரியம் என்று தோன்றலாம். ஒரு மரபணுவைச் சும்மா இருக்க வைக்க, செல்லின் உட்கருவுக்குள் ஒரு புரதக் கூட்டமே பாடுபடுகிறது.

1961இல் பிரெஞ்சு உயிரியலாளர்கள் ஜாக்கோப், மோனோ இருவரும் பாக்டீரியாவை வைத்து ஒரு விளக்கம் சொன்னார்கள்: ஒரு தடுப்புப் பொருள் டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து மரபணுவை மறிக்கிறது. நம்மைப் போன்ற உயிர்களில் விஷயம் இன்னும் சிக்கல். இங்கே டிஎன்ஏவில் உட்காரும் புரதம் பல நேரம் எந்தக் கட்சியும் சாராதது. அதனோடு யார் சேருகிறார்கள் என்பதே முடிவு.

பழ ஈயின் நாட்ச் பாதையைப் பாருங்கள்; பக்கத்துப் பக்கத்துச் செல்கள் செய்தி சொல்லிக்கொள்ளும் வழி அது. பக்கத்துச் செல் தொட்டதும், செல்லின் மேற்பரப்பில் செய்தி வாங்கும் நாட்ச் ஏற்பி என்ற புரதத்தின் உள்துண்டு வெட்டுப்பட்டு உட்கருவுக்குப் போகிறது. அங்கே டிஎன்ஏவைப் பிடித்திருக்கும் புரதத்தின் பெயர் சப்ரசர் ஆஃப் ஹேர்லெஸ். (ஈ ஆராய்ச்சிக்காரர்கள் வைக்கும் பெயர்களுக்கென்றே தனிக்கூட்டம் போடலாம்.) நாட்ச் துண்டு அதனோடு சேர்ந்தால் மரபணு ஓடும். ஹேர்லெஸ் என்ற புரதம் சேர்ந்தால் அணையும்.

எப்படி என்பதுதான் அழகு. இந்தப் புரதங்களைப் படிகமாக்கிக் கண்ட வடிவம் 2016இல் வெளியானது; அதில் அது தெரிந்தது. ஹேர்லெஸ் மேலோட்டமாக ஒட்டிக்கொள்வதில்லை. மரத்தில் ஆப்பு இறக்குவது போல சப்ரசர் ஆஃப் ஹேர்லெஸ் புரதத்தின் ஒரு பகுதிக்குள்ளேயே நுழைந்து, அதன் வடிவத்தை மாற்றிவிடுகிறது. அப்புறம் நாட்ச் துண்டு வந்தாலும் பொருந்தாது. ஹேர்லெஸ்ஸின் வேறு பகுதிகள் க்ரௌச்சோ, சிடிபிபி என்ற இரு கூட்டாளிகளை இழுத்து வருகின்றன. அவற்றோடு, டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசெட்டைல் என்ற சிறு வேதிக் குழுக்களைக் கழற்றும் நொதிகள் வருகின்றன. அசெட்டைல் போனால் ஹிஸ்டோனின் நேர்மின்னேற்றம் வெளிப்படும். எதிர்மின்னேற்றம் கொண்ட டிஎன்ஏ அதை இறுகப் பற்றும். மரபணுவைப் படிக்கும் புரத இயந்திரத்துக்கு அங்கே இடமில்லை.

இந்த அணைப்பு எவ்வளவு நுட்பமானது தெரியுமா? ஹேர்லெஸ் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே ஈயின் உடலில் சில முடிகள் முளைக்காமல் போகின்றன. மீதிப் பாதிப் புரதம் போதவில்லை.

நமக்கு இதனால் என்ன? ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை, அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுகேமியா. இதில் 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் பிஎம்எல் என்ற புரதமும் ரெட்டினாயிக் அமில (வைட்டமின் ஏயிலிருந்து உடல் செய்துகொள்ளும் பொருள்) ஏற்பியும் ஒன்றாக ஒட்டிப் பிறக்கின்றன. இயல்பான ஏற்பி, ரெட்டினாயிக் அமிலம் இல்லாதபோது தடுப்புப் புரதங்களைப் பிடித்திருக்கும். அமிலம் வந்ததும் விட்டுவிடும். ஒட்டுப்புரதமோ உடலில் சாதாரணமாக இருக்கும் அளவு அமிலத்துக்கு மசிவதில்லை. செல் முதிர்வதற்கான மரபணுக்கள் அணைந்தே கிடக்க, முதிராத செல்கள் குவிகின்றன; ரத்தப்போக்கில் உயிருக்கே ஆபத்து.

1980களில் ஷாங்காயில் வாங் சென்யி குழுவினர் ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலத்தை, உடலில் சாதாரணமாக இருப்பதைவிட மிக அதிக அளவில், மருந்தாகக் கொடுத்தார்கள். 1988இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த அளவில் பிடி தளர்ந்தது. புற்றுச்செல்கள் விஷத்தில் சாகவில்லை, முதிர்ந்தன! எனக்கு இதைவிடப் பிடித்த சிகிச்சை கிடையாது. இப்போது பெரும்பாலும் ஆர்செனிக் டிரையாக்சைடையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அது ஒட்டுப்புரதத்தின் பிஎம்எல் பாதியைப் பற்றி, முழுப் புரதத்தையும் சிதைய வைக்கிறது. ஒரு காலத்தில் மிக வேகமாக உயிர் பறித்த இந்த நோயில் இன்று பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.

சரி, இனி நீங்கள் கேளுங்கள்.