மாட்டுக் கணக்கு எங்கே போகிறது?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

பருவநிலை மாற்றம் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தார்கள். பனிப்பாறை உருகுவதையும் கடல் உயர்வதையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் பேசப்போவது மாடு எண்ணுவதைப் பற்றி. கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நம் நாட்டில் 1919-லிருந்து, ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஆடு மாடு கோழியெல்லாம் எண்ணுகிறார்கள். 1997, 2003, 2007, 2012 என்று நான்கு கணக்கெடுப்பில் தெருத் தெருவாக நடந்த கால் இது.

2007-ல் நடந்ததைச் சொல்கிறேன். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. படிவக் கட்டை பாலிதீன் பையில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நிற்கிறேன். திண்ணையில் ஒரு ஆத்தா, எழுபது வயதிருக்கும். "எத்தனை மாடு ஆத்தா?" என்றேன். "ரெண்டு." சொல்லி வாய் மூடவில்லை, வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து "ம்மா..." என்று ஒரு குரல். நான் ஆத்தாவைப் பார்க்கிறேன், ஆத்தா மழையைப் பார்க்கிறது.

"அது யாரு ஆத்தா?"

"அது மக வூட்டு மாடு. விருந்துக்கு வந்துருக்கு."

மாட்டை எண்ணினால் கண்ணு பட்டுவிடும் என்பது ஊர் நம்பிக்கை. அதோடு, கணக்கு எழுத வருகிறவன் பின்னாலேயே வரி வந்துவிடுமோ என்ற பயம் வேறு. சரி, அதை விடுங்கள். அடுத்து ஆத்தா கேட்டதுதான் எனக்கு முக்கியம்.

"எண்ணி என்ன தம்பி பண்ணுவீங்க?"

"மேல அனுப்புவோம் ஆத்தா."

"மேலன்னா?"

"தஞ்சாவூருக்கு."

"அங்கேருந்து?"

"சென்னைக்கு. அங்கேருந்து டெல்லிக்கு."

"டெல்லியிலேருந்து?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷம் அரசாங்கச் சம்பளம் வாங்கியவனுக்கு, தான் எழுதுகிற கணக்கு எங்கே போய் முடிகிறது என்று தெரியவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில்தான் தெரிந்தது. பேராசிரியர் ஒருவர் கரும்பலகையில் மூன்று எண் எழுதினார்: 28, 43, 50. கறவை நாட்டு மாடு ஒன்று ஆண்டுக்கு 28 கிலோ மீத்தேன், அதாவது பூமியைச் சூடாக்கும் வாயு, விடுகிறது, கலப்பினப் பசு 43, எருமை 50. எங்கே விடுகிறது என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். பெரும்பகுதி வாய் வழியாகத்தான், அசைபோடும்போது வரும் ஏப்பத்தில். இந்த எண்களை நாட்டிலுள்ள மாடுகளின் எண்ணிக்கையால் பெருக்குகிறார்கள். அந்த எண்ணிக்கைக்கு எங்கே போவார்கள்? எங்கள் கணக்கெடுப்புக்குத்தான். 'நாட்டு மாடா, கலப்பினமா, பால் கறக்கிறதா, வற்றிவிட்டதா' என்று மழையில் நின்று நான் டிக் அடித்த கட்டங்கள் கரும்பலகையில் உட்கார்ந்திருந்தன.

டெல்லியிலிருந்து அது ஜெர்மனிக்குப் போகிறது. 1992-ல் போட்ட பருவநிலை உடன்படிக்கையின் செயலகம் அங்கே பான் நகரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நாடும் எவ்வளவு புகை விடுகிறது, அதைக் குறைக்க என்ன செய்கிறது என்று அங்கே கணக்குக் காட்ட வேண்டும். இந்தியா முதல் தேசிய அறிக்கையை 2004-லும், இரண்டாவதை 2012-லும், மூன்றாவதை 2023-லும் கொடுத்தது. நடுவில் ஈராண்டு அறிக்கைகள் உண்டு, அதில் நான்காவது 2024 டிசம்பரில் போனது. அதன்படி 2020-ல் நாம் வெளியிட்டது, எல்லா வாயுவையும் கரியமில வாயுக் கணக்குக்கு மாற்றிச் சொன்னால், 295.9 கோடி டன். முக்கால் பங்குக்குச் சற்று மேல் எரிசக்தி, அதாவது மின்சாரம், தொழிற்சாலை, வண்டி வாகனம். வேளாண்மை 13.72 விழுக்காடு. ஆகவே நான் மாட்டின் மேல் பழி போட வரவில்லை. அனல் மின் நிலையம் நிற்கும்போது பசுவைக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

எனக்குத் தெரிந்தது மாடு, அதனால் மாட்டைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இனி என் ஆதங்கத்துக்கு வருகிறேன். அந்த ஆத்தாவின் கணக்கு தஞ்சாவூர் போய், சென்னை போய், டெல்லி போய், பான் வரைக்கும் போயிற்று. திரும்பி வந்ததா என்றால், இல்லை. அறிக்கை அச்சாகிறது, இணையத்திலும் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கத்தில். தமிழில் ஒரு சுருக்கமாவது கிடைக்குமா என்று தேடினேன், என் கண்ணில் படவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் அறிக்கையைப் பார்த்து மற்ற நாட்டுக்காரர்கள் கேள்வி கேட்க முறை இருக்கிறது. நிபுணர் குழு ஒன்று பரிசீலிக்கும். பிறகு கூட்டத்தில் நம் பிரதிநிதிகள் உட்கார்ந்து, பிற நாடுகள் கேட்பதற்குப் பதில் சொல்வார்கள். முதல் ஈராண்டு அறிக்கைக்கு 2017-ல் பானில் அப்படிப் பதில் சொன்னார்கள். நல்லது, கேட்கட்டும். ஆனால் கணக்குக் கொடுத்த ஒரத்தநாட்டு ஆத்தா கேட்க என்ன முறை இருக்கிறது? அந்த உடன்படிக்கையின் 6-வது பிரிவே மக்கள் பங்கேற்பைச் சொல்கிறது. அதன் கீழ் பின்னால் வந்த பாரிஸ் ஒப்பந்தத்தின் 12-வது பிரிவும் சொல்கிறது. எழுத்தில் இருக்கிறது, திண்ணைக்கு வரவில்லை.

'மக்கள் இதில் என்ன சொல்லப்போகிறார்கள், இது விஞ்ஞானம்' என்பார்கள். நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் தண்ணீர் தேங்கியே நின்றால் சேற்றிலிருந்து மீத்தேன் வருகிறது. இடையிடையே காயவிட்டால் குறைகிறது. 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று வேளாண் அலுவலர் சொல்வாரே, அதேதான். நம் நாட்டுக் கணக்கில், விடாமல் நீர் கட்டிய வயலுக்கு எக்டேருக்கு 162 கிலோ, ஒருமுறை காய்ந்ததற்கு 66, பலமுறை காய்ந்ததற்கு 18 என்று வைத்தார்கள். 162 எங்கே, 18 எங்கே! ஒன்பது மடங்கு. எந்த வயல் எந்த வகை என்று யாருக்குத் தெரியும்? விண்ணிலிருந்து படம் பிடிக்கலாம், மாதிரி ஆய்வு செய்யலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. மடை திறந்து மடை அடைக்கிறவனுக்குத்தானே முழுசாகத் தெரியும்? கடைமடை விவசாயி ஒருவர் என்னிடம் சொன்னார்: "நாங்க எங்க சார் காயப்போட்டோம்? தண்ணி வரல, அதுவா காஞ்சது." அறிக்கையில் இரண்டும் ஒரே கட்டம். திட்டம் போட்டுக் காயவிட்டதும், ஆற்றில் முறைத் தண்ணீர் வராமல் காய்ந்ததும் ஒன்றா? முன்னதை அரசு தன் சாதனையாக எழுதலாம். பின்னது அந்த விவசாயியின் நஷ்டம். இந்த வித்தியாசத்தைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த வைக்கோல் போர் மாட்டை நான் எழுதவில்லை. ரெண்டு என்றே எழுதினேன். மழை, அடுத்த தெரு பாக்கி, ஆத்தாவோடு மல்லுக்கு நிற்கத் தெம்பு இல்லை. ஜெர்மனிக்குப் போன கணக்கில் என் தயவால் ஒரு கலப்பினக் கிடேரி குறைச்சல். அந்தக் கணக்கை ஊரில் வாசித்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரம்மா எழுந்து, "ரெண்டா? நேத்து என் கீரைப் பாத்திய மேஞ்சது எந்த மாடாம்?" என்று கேட்டிருப்பார். சரிபார்ப்பு என்று பெரிய பெரிய வார்த்தையில் சொல்கிறார்களே, அது இவ்வளவுதான்.

வாசிக்க இடம் இல்லாமல் இல்லை. நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: குடியரசு நாள், தண்ணீர் நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, நவம்பர் ஒன்று. வரவு செலவு வாசிக்கிறார்கள். நூறு நாள் வேலைக்குச் சமூகத் தணிக்கை நடந்திருக்கிறது. யார் பெயரில் எத்தனை நாள் என்று உரக்கப் படிக்கும்போது, "அவரு செத்து ரெண்டு வருசமாச்சே" என்று கூட்டத்திலிருந்து குரல் வருவதை நானே கேட்டிருக்கிறேன். புகைக் கணக்குக்கும் அப்படி ஒரு குரல் வேண்டும் என்கிறேன்.

மொழியைச் சொல்லித் தட்டிக்கழிக்கவும் முடியாது. 2020-ல் மத்திய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை, அதாவது ஒரு திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே பார்ப்பதற்கான விதிகளின் வரைவை, ஆங்கிலத்திலும் இந்தியிலும் போட்டுவிட்டுக் கருத்துக் கேட்டது. அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. அது வேறு விஷயம்தான். ஆனாலும் கருத்துக் கேட்பதென்றால் கேட்கப்படுகிறவன் பாஷையில் கேள் என்பது...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மாட்டிலேயே நேரத்தைத் தொலைத்துவிட்டேன். உத்திரமேரூர்க் கல்வெட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். குடவோலை எல்லோருக்கும் தெரியும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரையும் அவன் உறவினர் பெயரையும் குடத்தில் போடக் கூடாது என்று அதில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பராந்தக சோழன் காலம், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பு. இன்னொரு நாள் அழைத்தால் சொல்கிறேன்.

என் யோசனைகள், வேகமாக: அறிக்கைக்குப் பத்துப் பக்கத் தமிழ்ச் சுருக்கம். நவம்பர் கிராம சபையில் மாடு, நெல், மின்சாரம் மூன்றை மட்டும் வாசிப்பது. வருகிற கேள்விகளை எழுதி டெல்லிக்கு அனுப்பி, எதை ஏற்றார்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று ஊருக்கே பதில் வருவது. மூன்றாவதுதான் கஷ்டம், மூன்றாவதுதான் வேண்டும்.

அடுத்த முறை உங்கள் வாசலில் மாடு எண்ண ஒருவர் வந்து நின்றால், மழையென்றால் முதலில் திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: "டெல்லியிலேருந்து எங்க போகுது?" அவருக்குத் தெரியாவிட்டால் நீங்களே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். மாட்டையும் காட்டிவிடுங்கள்.

வணக்கம்.