கெணத்துல பழகினது, விண்வெளில பழகறது

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கேட்டுக்கிட்டிருக்கற எல்லாருக்கும் வணக்கங்க. நான் பள்ளிக்கூடத்துல அறிவியல் எடுக்கற வாத்தியாரு. விண்வெளி வீரருங்க எப்படி தயாராகறாங்கன்னு பேசக் கூப்பிட்டாங்க, நான் எங்க தாத்தா தோட்டத்துக் கெணத்துலருந்து ஆரம்பிக்கறேன்.

பென்னாகரம் பக்கம், நாப்பது அடி கெணறு. எங்க மாமா இடுப்புல காஞ்ச சொரக்குடுக்கையக் கட்டி நீச்சல் பழக்கினாரு. குடுக்கை இருந்தா முங்கணும்னு நெனச்சாலும் முங்க முடியாது, மடியில கல்லு வெச்சா நேரா அடிக்குப் போயிடுவோம். மேலயும் வராம கீழயும் போகாம நடுத்தண்ணில அப்படியே நிக்கணும்னா? விண்வெளில எடை இல்லாம வேலை செய்யறதைப் பழக்க, அதைத்தான் அமெரிக்காவுல ஹூஸ்டன்ல நாசா செய்யுது. 202 அடி நீளம், 102 அடி அகலம், 40 அடி ஆழத்துல ஒரு தொட்டி, ஆழம் பாத்தா எங்க கெணறுதான். ஸ்பேஸ் ஸ்டேஷனோட பாகங்களை அதே அளவுல செஞ்சு உள்ள முக்கி வெச்சிருக்காங்க. நூறு கிலோவுக்கு மேல இருக்கற விண்வெளி உடுப்பு, அந்த சூட்டை மாட்டி ஆளை இறக்குவாங்க, கூட இறங்கற டைவருங்க சூட்டுல எடையும் ஃபோமும் அங்கங்க மாத்தி மாத்தி வெச்சு, ஆளு மெதக்கவும் இல்லாம முங்கவும் இல்லாம நிக்கற வரைக்கும் சரி பண்ணுவாங்க. அப்பறம் ஆறு மணி நேரம் தண்ணிக்குள்ளயே வேலை. காத்து அடைச்ச க்ளவுஸுங்க அது, ஒவ்வொரு தடவை விரலை மடக்கறதும் பந்தை அமுக்கற மாதிரி. நாலு மாடு சேந்தாப்ல பால் கறந்தவங்களுக்கு முன்னங்கை எப்படி வலிக்கும்னு தெரியும், இவங்களுக்கு சில சமயம் நகமே பேந்துக்கும்.

ஆனாலும் தண்ணி தண்ணிதான், தலைகீழா நின்னா ரத்தம் தலைக்கு ஏறும். நெசமா எடை இல்லாம இருக்கறது எப்படின்னு தெரிய விமானத்தை மேல ஏத்தி வளைச்சு இறக்குவாங்க, ஒரு தடவைக்கு இருவது இருவத்தஞ்சு செகண்டு கெடைக்கும், அவ்ளோதான்.

பனிக்காட்டுல ராத்திரி தங்கற பயிற்சியும் உண்டு. ராக்கெட்டுக்குப் போறவங்களுக்கு காடு எதுக்குன்னு பசங்க கேப்பாங்க. 1965ல லியோனவ்னு ஒரு ரஷ்ய வீரரும் பெல்யாயெவும் இறங்க வேண்டிய எடம் தப்பி யூரல் மலைக்காட்டுல இறங்கி ரெண்டு ராத்திரி பனியிலயே கெடந்தாங்க, அதுக்குத்தான். மனுஷங்களை விண்வெளிக்கு அனுப்பற நம்ம ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நாலு பேரும், அதுல அஜித் கிருஷ்ணன் சென்னையில பொறந்தவரு, 2020லருந்து ஒரு வருஷத்துக்கு மேல ரஷ்யாவுல பழகிட்டு வந்து, ஓசூரைத் தாண்டினா வருதே பெங்களூரு, அங்க பயிற்சியைத் தொடர்ந்தாங்க. அந்த நாலு பேர்ல ஒருத்தர்தான் 2025 ஜூன்ல ஸ்பேஸ் ஸ்டேஷனுக்குப் போன சுபான்ஷு சுக்லா.

எனக்கு இதுல பெருசாப் படறது ஒண்ணுதாங்க. பயிற்சில பெரும்பாதி, எல்லாம் கெட்டுப்போனா என்ன பண்றதுன்னுதான். விண்கலம் மாதிரியே செஞ்ச சிமுலேட்டர்ல உக்காரவெச்சு தீப்புடிச்சிருச்சு, காத்து கசியுது, கம்ப்யூட்டர் நின்னுபோச்சுன்னு வேணும்னே கெடுத்துக்கிட்டே இருப்பாங்க.

எங்க மாமாவும் தெனம் கண்ணை மூடச் சொல்லி "மோட்டார் பைப்பு எங்க இருக்கு, தொட்டுக் காட்டு கண்ணு"ம்பாரு. எதுக்குன்னு அப்ப புரியல. ஒரு நாள் குடுக்கைக் கயிறு அவுந்து உள்ள போயிட்டேன், கண்ணு தெரியல, மாமா கத்தறது கேக்கல, ஆனா கை தானா அந்தப் பைப்புக்குப் போச்சு.

2013 ஜூலை 16, இத்தாலிக்காரர் லூக்கா பார்மிடானோ ஸ்டேஷனுக்கு வெளிய வேலை செஞ்சுக்கிட்டிருக்காரு, ஹெல்மெட்டுக்குள்ள தண்ணி கசியுது. அங்க தண்ணி கீழ வடியாது, உருண்டையா ஒட்டிக்கிட்டு மொகத்துல ஏறும். கண்ணை மறைச்சு மூக்கையும் மூடிருச்சு, காதும் சரியா கேக்கல, வெளிய பொழுதும் சாஞ்சு இருட்டு. மனுஷன் பதறல. இடுப்புல மாட்டின பாதுகாப்புக் கம்பி தானாச் சுருண்டு இழுக்குமில்ல, அந்த இழுப்பையே கையால ஒணந்து அது போன திக்குல தடவித் தடவியே வந்த வாசலுக்குத் திரும்பிட்டாரு. ஒரு லிட்டருக்கு மேல தண்ணி கெடந்துச்சு உள்ள.

2019ல அதே ஆளு மறுபடி போனாரு, மறுபடியும் சூட்டை மாட்டிக்கிட்டு வெளிய வேலைக்கு எறங்கினாரு.

கேட்டதுக்கு ரொம்ப நன்றிங்க, வணக்கம்.