ஒரு சாண் வயிறா, ஆறு மீட்டர் குடலா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'உணவைச் செரிப்பதில் பெரும்பங்கு இரைப்பைக்கா, சிறுகுடலுக்கா?' என்பது இன்றைய வழக்கு. நான் சிறுகுடலின் கட்சி.

எதிரணித் தலைவர் இரைப்பை அமிலத்தின் பெருமையை விரிவாகப் பேசினார். கிருமியைக் கொல்கிறது, அங்குள்ள பெப்சின் நொதி புரதத்தை உடைக்கிறது என்றார். மறுக்கவில்லை ஐயா. எவ்வளவு உடைக்கிறது என்பதுதான் என் கேள்வி. சாப்பிட்ட புரதத்தில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் இரைப்பையில் செரிக்கிறது. மிச்சத்தையெல்லாம் அமினோ அமிலம் வரை பிரிக்கிற பாடு சிறுகுடலுக்கு.

நெய்த் தோசை ஒன்றை உள்ளே அனுப்புவோம். மாவுச்சத்தை உமிழ்நீரின் அமைலேஸ் தொட்டிருக்கும். இரைப்பை அமிலம் கலந்ததும் அந்த நொதி செயலிழந்துவிடும். நெய்யின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். இந்தக் கூழ் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலின் முதல் பகுதியான முன்சிறுகுடலில் இறங்குகிறது. அதன் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சாண். 'ஒரு சாண் வயிறு' என்கிறோமே, அளவுப்படி அந்தப் பெயர் இதற்குத்தான் பொருந்தும்!

அமிலம் பட்டதும் முன்சிறுகுடலின் சுவர் செக்ரிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உடனே கணையம் பைகார்பனேட் நீரை அனுப்பி அமிலத்தை முறிக்கிறது. முறிக்காவிட்டால் கணைய நொதிகள் முடங்கும், சுவரும் புண்ணாகும். கொழுப்பு வந்து சேர்ந்தால் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து பித்தப்பையைச் சுருக்குகிறது. கல்லீரலில் சுரந்த பித்தநீர் நெய்யை நுண்துளிகளாக்க, கணையத்தின் லைபேஸ் நொதி அதைச் செரிக்கிறது. 'பித்தநீரில் கொழுப்பைச் செரிக்கும் நொதி உண்டு' என்று எழுதி மாணவர்கள் மதிப்பெண் இழப்பது இந்த இடத்தில்தான். பித்தநீரில் செரிமான நொதியே கிடையாது.

'கணையமும் கல்லீரலும் உழைக்க, பெயர் மட்டும் குடலுக்கா?' என்று எதிரணி கேட்கலாம். புரதம் செரிக்கக் கணையம் அனுப்பும் டிரிப்சினோஜன் இன்னும் செயல்படாத நொதி, வெறும் பூட்டிய பெட்டி. திறக்கும் சாவியான என்டிரோகைனேஸ் குடல்சுவரிடம் இருக்கிறது. சர்க்கரைகளை உடைக்கும் நொதிகளான மால்டேஸ், சுக்ரேஸ், லாக்டேஸ் மூன்றும் அந்தச் சுவரின் செல்களிலேயே ஒட்டியிருப்பவை. பாலின் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் குறைந்தால், பால் குடித்த சிறிது நேரத்தில் வயிறு உப்பி, பேதியாகும். இரைப்பை எவ்வளவு திடமாக இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது.

சுவரைக் கிட்டத்தில் பார்த்தால், விரல்போல் நீட்டியிருக்கும் குடலுறிஞ்சி ஒவ்வொன்றும் சுமார் ஒரு மில்லிமீட்டர் உயரமே இருக்கும். அதற்குள் இரத்தத் தந்துகிகளும் நடுவே ஒரு நிணநீர் நாளமும். சர்க்கரையும் அமினோ அமிலமும் இரத்தத்துக்கு, கொழுப்பு நிணநீருக்கு. சீலியாக் நோயில் கோதுமையின் குளூட்டன் புரதத்தால் இந்த உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. வேளை தவறாமல் சாப்பிடும் பிள்ளையும் மெலிந்து இரத்தசோகையில் விழுகிறது.

1897-இல் சூரிச் நகரில் கார்ல் ஷ்லாட்டர் என்ற அறுவை மருத்துவர் ஒரு பெண்ணின் இரைப்பை முழுவதையும் அகற்றி, உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைத்தார். அந்தப் பெண் ஓராண்டுக்கு மேல் உயிரோடு இருந்தார். இன்றும் புற்றுநோய்க்காக அப்படி அகற்றுகிறார்கள். வைட்டமின் பி12 உறிஞ்சத் தேவையான 'உள்ளார்ந்த காரணி' என்ற புரதம் இரைப்பையில்தான் சுரக்கிறது. அந்தப் பெருமை எதிரணிக்கே. அந்தக் குறையை ஊசியால் ஈடுகட்டலாம். சிறுகுடலின் பெரும்பகுதியை இழந்தவருக்கோ சத்தை இரத்தக்குழாய் வழியாக ஏற்ற வேண்டிவரும்.

கடைசியாக, பேதிக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வீட்டிலிருக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஒரு லிட்டருக்கான 20.5 கிராமில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாப்பாட்டு உப்பு 2.6 கிராம். இனிப்புக்காகச் சேர்த்ததல்ல அந்தக் குளுக்கோஸ். சிறுகுடல் செல்லின் வாசலில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே நுழையும். பின்னாலேயே தண்ணீரும் போகும். பேதியிலும் பெரும்பாலும் அந்த வாசல் அடைபடுவதில்லை. ஆனால் ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு தம்ளரில் கரைக்கக்கூடாது என்கிறார்கள். கரைசல் கெட்டியானால் உடம்பின் நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகமாக்கும், இரத்தத்தில் சோடியமும் ஏறும். சரியாகக் கரைத்து வாய்வாயாகக் கொடுத்தால், துவண்ட குழந்தை கண் திறந்து பார்க்கும். அந்தத் தண்ணீரை உடம்புக்குள் சேர்த்தது சிறுகுடல், நடுவர் அவர்களே.