ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நூலகத்தில் ஒரு சிறுவன் என்னிடம் வந்து, "இந்தக் கதையில் யாராவது இறந்துபோகிறார்களா?" என்று கேட்டான். பத்து வயது இருக்கும். அவன் கையில் இருந்தது நான் எடுத்துக் கொடுத்த நாவல். பெரிய விருது வாங்கியது, நானே இரண்டு முறை படித்து உருகியது. "ஆமாம், தாத்தா இறந்துவிடுவார். ஆனால் அதை எவ்வளவு அழகாக..." என்று ஆரம்பித்தேன். நான் முடிப்பதற்குள் அவன் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டான். "யாரும் சாகாத கதை இருக்கிறதா?" என்றான். அந்த மாதம்தான் அவன் வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அலமாரி முழுவதும் தேடினேன். விருது முத்திரை ஒட்டிய புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒன்றில் அம்மா, இன்னொன்றில் உயிர்த் தோழி, மற்றொன்றில் நாய். பரிசளிக்கும் பெரியவர்களுக்குச் சாவின் மீது இத்தனை பற்று இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். கடைசியில், பழைய வீடொன்றில் பூட்டிய அறையின் சாவியைத் தேடி அலையும் மூன்று பிள்ளைகளின் கதை அகப்பட்டது. அது எந்தப் பட்டியலிலும் வந்ததில்லை. மூன்றாம் நாளே வந்து அடுத்த பாகம் கேட்டான்.

சிறார் நாவல்களிலும் இளையோர் நாவல்களிலும் புதியவற்றைக் கண்டடைவது எப்படி என்று பேச அழைத்திருக்கிறீர்கள். அந்தச் சிறுவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேசப் போகிறேன்.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 8 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கான நாவல்களைப் பதிப்பாளர்கள் மிடில் கிரேடு என்கிறார்கள். அதற்கு மேல் 18 வரை யங் அடல்ட். இரண்டாவது வகை தனியாகத் தலையெடுத்ததற்கு அடையாளமாக எல்லோரும் சுட்டுவது 1967ஆம் ஆண்டை. தன் வயதினரின் வாழ்க்கையை உள்ளபடி சொல்லும் கதைகள் இல்லையே என்ற குறையால் எஸ். இ. ஹின்டன் என்ற அமெரிக்கப் பெண் 15 வயதில் எழுதத் தொடங்கிய நாவல் அந்த ஆண்டு வெளிவந்தது. அப்போது அவருக்கு 18 வயது. கிடைக்காத புத்தகத்தைத் தானே எழுதிக்கொண்ட வாசகி அவர்.

வயதுக் கோட்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். பிள்ளைகள் தங்களைவிட இரண்டு, மூன்று வயது மூத்த கதாபாத்திரங்களைப் படிக்கவே விரும்புவார்கள். பத்து வயதுக்காரனுக்குப் பன்னிரண்டு வயது நாயகன் வேண்டும். எட்டு வயது நாயகனைக் கொடுத்தால் முகம் சுளிப்பான்.

இனி விருதுகளுக்கு வருகிறேன். புதிய புத்தகம் தேடுகிற எல்லோரும் முதலில் போய் நிற்கும் வாசல் அதுதான். அமெரிக்காவின் நியூபெரி பதக்கம் 1922 முதல் வழங்கப்படுகிறது. உலகிலேயே முதல் சிறார் நூல் விருது அது. பிரிட்டனின் கார்னகி பதக்கம் 1936இல் தொடங்கியது. இளையோர் நூல்களுக்கான அமெரிக்காவின் பிரின்ட்ஸ் விருது 2000இல் வந்தது. நான் சொல்ல வருவது இதுதான்: புத்தகம் எவ்வளவு பிரபலம் என்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று நியூபெரி, பிரின்ட்ஸ் இரண்டின் விதிகளிலும் எழுதியே வைத்திருக்கிறார்கள். இலக்கியத் தரம் ஒன்றே அளவுகோல். நான் அந்த நியாயத்தை மதிக்கிறேன். ஆனால் "உன் பிள்ளைக்கு இது பிடிக்கும்" என்று அந்தப் பதக்கம் ஒருநாளும் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அப்படி அர்த்தப்படுத்திக்கொண்டது நாம்தான்.

அதனால் வென்ற நூலைவிட இறுதிப்பட்டியலே எனக்கு முக்கியம். வென்றது ஒன்றுதான். பட்டியலில் ஐந்தாறு இருக்கும், ஒன்றுக்கொன்று குணத்தில் வேறுபட்டிருக்கும். நடுவர்களில் ஒருவராவது அந்த ஒவ்வொன்றுக்காகவும் வாதாடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு அதைப் பார்ப்பேன். கார்னகியில் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு. நடுவர்களாக இருக்கும் நூலகர்கள் படிக்கிற அதே பட்டியலை வாசகர் குழுக்களில் இருக்கும் பிள்ளைகளும் படித்துத் தங்கள் தேர்வைத் தனியாகச் சொல்கிறார்கள். இரண்டு தேர்வுகளும் வேறுபடும் ஆண்டுகளில் நான் இரண்டு புத்தகங்களையும் தேடிப் பிடித்துப் படிப்பேன். பெரியவர் கண்ணுக்கும் பிள்ளைகள் கண்ணுக்கும் உள்ள இடைவெளி அங்கே பளிச்சென்று தெரியும்.

உண்மையிலேயே புதிய குரல் வேண்டும் என்பவர்கள் அமெரிக்காவின் மாரிஸ் விருதைப் பாருங்கள். இளையோருக்காக ஒருவர் எழுதிய முதல் நூலுக்கு மட்டுமே 2009 முதல் அதைக் கொடுக்கிறார்கள். முதல் நாவல்களில் ஒரு பதற்றம் இருக்கும், சொல்ல வந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பு இருக்கும். பதினைந்து வயது மனத்துக்கு அந்தத் தவிப்பு சட்டென்று புரிந்துவிடும்.

ஆங்கிலத்தோடு நின்றுவிட்டால் உலகத்தில் பாதிக்கு மேல் விட்டுப்போகும். இரண்டாம் உலகப் போர் முடிந்து நகரங்கள் இடிபாடாகக் கிடந்த காலத்தில், ஜெல்லா லெப்மன் என்ற பெண்மணி பல நாடுகளுக்கும் கடிதம் எழுதிக் குழந்தைகளுக்கான புத்தகங்களைக் கேட்டு வாங்கினார். நேற்றுவரை எதிரியாக இருந்த ஜெர்மனியின் குழந்தைகளுக்காக! 1949இல் மூனிக் நகரில் அவர் தொடங்கிய சர்வதேச இளையோர் நூலகம் இன்றும் இயங்குகிறது. பல மொழிகளில் வெளியான புதிய சிறார், இளையோர் நூல்களிலிருந்து ஏறத்தாழ இருநூறைத் தேர்ந்து அந்த நூலகம் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலுக்கு 'வெள்ளை அண்டங்காக்கைகள்' என்று பெயர். நம் பேச்சில் வெள்ளைக் காக்கை என்றாலே பொய். அங்கே அது அபூர்வத்தின் பெயர். எந்த நாட்டுப் பிள்ளைகள் எதைப் படிக்கிறார்கள் என்று ஒரே இடத்தில் காட்டுவதில் இதற்கு இணையான வேறொன்றை நான் பார்த்ததில்லை.

லெப்மனின் முயற்சியில் பிறந்த, இளையோர் நூல்களுக்கான சர்வதேச அமைப்பான ஐபிபிஒய், 1956 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆண்டர்சன் விருதை வழங்குகிறது. ஒருவருடைய மொத்தப் படைப்புக்கான விருது அது. 2014, 2018 இரண்டிலும் எழுத்தாளர் விருது ஜப்பானுக்குப் போனது. அமெரிக்காவில் மொழிபெயர்ப்புகளுக்கென்று 1968 முதல் கொடுக்கும் பாட்செல்டர் விருது, எழுத்தாளருக்குப் போகாமல் பதிப்பகத்துக்குப் போகிறது. இதிலிருந்து ஒரு வழி பிடித்துக்கொண்டேன். நல்ல மொழிபெயர்ப்பு ஒன்று கையில் கிடைத்தால், மொழிபெயர்த்தவர் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் குறித்துக்கொண்டு, அவர்கள் வேறு என்ன செய்திருக்கிறார்கள் என்று தேடுவேன். இந்த வழி என்னை அநேகமாக ஏமாற்றியதில்லை. சாகித்திய அகாதெமி 2010 முதல் 24 மொழிகளில் பால சாகித்திய புரஸ்கார் வழங்குகிறது. தமிழில் யாருக்கு என்று பார்த்துவிட்டு நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். மற்ற 23 பெயர்களையும் படியுங்கள். மொழிபெயர்ப்பாளர்கள் யாராவது இந்த அவையில் இருந்தால், இதை உங்களிடம் ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

புத்தகத்தின் உடம்பிலேயே சில தடயங்கள் இருக்கின்றன. கடைசியில் வரும் நன்றியுரையைப் படியுங்கள். கைப்பிரதியை முதலில் படித்த சக எழுத்தாளர்களின் பெயர்கள் அங்கே இருக்கும். அவர்கள் எழுதியதைத் தேடினால் ஒரே குடும்பத்து உறவினர்களைப் போலப் புத்தகங்கள் வரிசையாக வந்து நிற்கும். பின்னட்டைப் புகழ்ச்சிகளை நான் படிப்பதில்லை. நடுப்பக்கத்தைத் திறந்து ஓர் உரையாடலைப் படிப்பேன். முதல் அத்தியாயத்தை எல்லோரும் இழைத்து இழைத்து எழுதுவார்கள், நடுவில்தான் எழுத்தாளரின் உண்மையான குரல் வெளிப்படும். அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் பிள்ளைகளைப் போலப் பேசினால் வீட்டுக்கு எடுத்துப்போவேன். அறிவுரை சொல்லப் பிறந்த சிறிய பெரியவர்களைப் போலப் பேசினால் வைத்துவிடுவேன்.

வடிவத்தைப் பார்த்து ஒதுக்குவதையும் நாம் விட வேண்டும். சித்திர நாவலைப் பார்த்ததும் "படம்தானே, இதில் படிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. 2020இல் நியூபெரி பதக்கமே ஒரு சித்திர நாவலுக்குப் போனது. 1998இலும் 2015இலும் கவிதை நடையில் எழுதப்பட்ட நாவல்கள் அதைப் பெற்றன. பக்கத்தில் எழுத்து குறைவு, வெற்றிடம் அதிகம். தடித்த புத்தகத்தைக் கண்டு பயந்து ஒதுங்கும் பிள்ளை, அப்படிப்பட்ட நாவலை ஒரே மாலையில் முடித்துவிட்டு நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். "முழு நாவலையும் படித்துவிட்டேன்" என்ற அந்தச் சொல்லுக்கு விலையே இல்லை.

பாதியில் நிறுத்தும் உரிமையையும் அவர்களுக்குக் கொடுங்கள். வாசகரின் பத்து உரிமைகள் என்று பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பெனாக் 1992இல் ஒரு பட்டியல் எழுதினார். முடிக்காமல் விடும் உரிமை அதில் மூன்றாவது. நிறுத்திய பிள்ளையிடம் "எந்த இடத்தில் நிறுத்தினாய்?" என்று மட்டும் கேளுங்கள். அடுத்த புத்தகத்துக்கான முகவரி அந்தப் பதிலில்தான் இருக்கும். "ஊரை வர்ணித்துக்கொண்டே இருந்தார்கள்" என்றால் ஒரு திசை. "அவளை எல்லோரும் கேலி செய்தார்கள், எனக்குப் படிக்க முடியவில்லை" என்றால் முற்றிலும் வேறு திசை.

நூலகவியலின் ஐந்து விதிகளை எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதினார். இரண்டாம் விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவரவர் நூல். மூன்றாம் விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். இரண்டாவதைப் பலரும் சொல்கிறார்கள். மூன்றாவதில்தான் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. அலமாரியின் கீழ்த்தட்டில், யாரும் எடுக்காத ஒரு நாவலும் ஒருவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்கிறார் அவர். விற்பனைக் கணக்கை வைத்துப் பரிந்துரைக்கும் இயந்திரம் ஏற்கெனவே பலர் வாங்கியதையே மறுபடி மறுபடி காட்டும். கீழ்த்தட்டுக்குக் குனிய மனிதர்தான் வேண்டும்.

எங்கள் வாசிப்புக் குழுவில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். படித்து முடித்தவர் புத்தகத்தின் பெயரை எழுதி, "இதை யாருக்குக் கொடுக்கலாம்?" என்பதற்கு ஒரே வரியில் பதில் எழுத வேண்டும். மதிப்பெண்ணோ நட்சத்திரமோ கிடையாது. "தங்கை பிறந்ததில் கோபமாக இருப்பவர்களுக்கு" என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறாள். "கணக்கு பிடிக்கும், ஆனால் வெளியில் சொல்லப் பயப்படுகிறவர்களுக்கு" என்று இன்னொரு பிள்ளை. புதிய நாவல் தேடும்போது நான் எல்லாப் பட்டியல்களுக்கும் முன்னால் பிரிப்பது அந்த நோட்டைத்தான். பூட்டிய அறைக் கதையைப் படித்த சிறுவனும் அதில் எழுதினான். பென்சிலால், சற்றே சாய்ந்த எழுத்தில்: "வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தால் இதைப் படிக்கலாம்."