இவள், இவன், இது: சிலைக்கு அருகில் நின்று வாசித்தல்

அவையோர்க்கும், இன்று மாலை தம் எழுத்தை வாசிக்க வந்திருக்கும் நம்மூர் எழுத்தாளர்களுக்கும் வணக்கம்.

சென்னைப் பழையவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், 1855இல் அதே வளாகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தார்கள். அந்தச் செத்த காலேஜின் செப்புத் திருமேனிகளைப் பார்த்து எழுதியவற்றை, அவற்றின் அருகிலேயே நின்று வாசிக்கப் போகிறீர்கள். இதழுக்கு எழுதுவதற்கும் இதற்கும் ஒரே வேறுபாடுதான். இங்கே கேட்பவரின் கண்முன் அந்தப் பொருளே இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அமர்கிறேன்.

பரிபாடலின் 19ஆம் பாடலில் நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் காட்டுகிறார். சுவரில் ரதியும் காமனும் இருக்கிறார்கள். பூனையாய் வந்த இந்திரனும் அகலிகையும் கௌதமனும் இருக்கிறார்கள். ஆனால் புலவர் அகலிகையின் கண்ணையோ கூந்தலையோ வருணிக்கவில்லை. 'இரதி காமன் இவள் இவன்' என்று கேட்போருக்கு விடை சொல்பவர்களையும், 'கல்லுரு ஒன்றியபடி இது', அதாவது அகலிகை கல்லான விதம் இது, என்று விளக்குபவர்களையும்தான் பாடுகிறார். இவள், இவன், இது என்ற சுட்டுச் சொற்களே அங்கு போதுமானவையாக இருந்தன. மற்றதைச் சுவர் பார்த்துக்கொண்டது. அந்த மண்டபத்துக்கு அவர் தரும் பெயர் 'எழுத்துநிலை மண்டபம்'. சித்திரத்துக்கும் எழுத்து என்றே பெயர் வைத்திருந்த மொழி இது என்பதை இங்கே எழுதுகிறவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

இதற்கு நேர் எதிரானவர் பிரெஞ்சுச் சிற்பி ரோதான். எழும்பூர் நடராசரை அவர் நேரில் கண்டதில்லை. கையில் கிடைத்த நிழற்படங்களை வைத்துக்கொண்டு 1913இல் கவிதைக்கு நெருக்கமான ஓர் உரைநடை எழுதினார். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1921இல் அது அச்சேறியது. வாய், கண், கால் என்று உறுப்பு உறுப்பாக நின்று எழுதியிருக்கிறார். படிப்பவருக்குச் சிலை எட்டாத தொலைவில் இருந்ததால் அத்தனை சொற்களும் தேவைப்பட்டன. நமக்கு அந்தத் தேவை இல்லை.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். இங்குள்ள திருவெண்காட்டு அர்த்தநாரியைப் பற்றி, அதன் அருகில் நின்று ஒருமுறை ஒரு கவிதை வாசித்தேன். வலப்புறம் இரண்டு கை, இடப்புறம் ஒரு கை, வலத்தொடையோடு நின்றுவிட்டு இடப்பக்கம் கீழே இறங்கும் ஆடை என்று இருபது வரிக்கு வருணனை அடுக்கியிருந்தேன். பாதியில் முன்வரிசைச் சிறுவன் ஒருவன் என்னை விட்டுவிட்டு என் தோளுக்கு அப்பால் பார்த்து, "அம்மா, அந்தப் பக்கம் ஒரு கைதாம்மா இருக்கு" என்றான். அவையின் கண்கள் எல்லாம் சிலைக்குப் போயின. என் இருபது வரிகளும் அங்கேயே முடிந்தன. நப்பண்ணனாரின் மண்டபத்தில் நின்றிருக்க வேண்டிய பையன் அவன்.

அப்படியானால் எதை எழுதுவது? கண்ணுக்குப் படாததை எழுதலாம். இவற்றுள் பல மண்ணுக்குள் புதைந்து கிடந்து, உழும்போதோ தோண்டும்போதோ வெளிப்பட்டு, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் வழியாக இங்கு வந்தவை. கோயிலில் இருந்தபோது பட்டும் மாலையும் உடலை மூடியிருக்கும். முகம் மட்டுமே தெரியும். இங்கே இடுப்பின் வளைவு தெரிகிறது, ஆனால் தோளில் ஏற்றித் தூக்கியவர்களின் மூச்சு தெரியாது. பீடத்தைப் பாருங்கள்: வீதியுலாவுக்குக் கழி செருகிக் கட்டிய துளைகளும் வளையங்களும் இன்னும் இருக்கின்றன. அந்தத் துளையிலிருந்து ஒரு கதையைத் தொடங்க முடியும். தகவல் பலகை அதைச் சொல்லாது. சொல்ல வேண்டிய கடமையும் அதற்கு இல்லை.

வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சிலையை மறைத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஓரடி விலகி, பக்கவாட்டில் நில்லுங்கள். அவையினர் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லையே என்று வருந்தவும் வேண்டாம். முதலில் வாசிக்கும் நண்பர் வரலாம். ஒலிவாங்கியை இடப்பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறோம்.