சொல் கேட்கும் டிரம்பெட்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் ஊர்ப் பக்கம் டிரம்பெட் என்றால் மாப்பிள்ளை அழைப்பும் மாரியம்மன் நோம்பியும்தான் ஞாபகம் வரும். பேண்டு செட்டு முக்குத் திரும்பும்போதே நாலு வீதிக்குக் கேட்கிற சத்தம் அது. அந்த வாத்தியத்தை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு பேசுகிற மாதிரி வாசித்திருக்கிறார். அந்த இசைத்தட்டைப் பற்றியும், அதைக் கேட்ட நம் ஊர்க்காரர்கள் சொன்னதைப் பற்றியும் பேசத்தான் வந்திருக்கிறேன்.

வாசித்தவர் கிளிஃபர்ட் பிரௌன், அமெரிக்காவின் வில்மிங்டன் ஊர்க்காரர். தட்டின் பெயர் ‘கிளிஃபர்ட் பிரௌன் வித் ஸ்ட்ரிங்ஸ்’. 1955 ஜனவரியில், நியூயார்க்கில் மூன்றே நாளில் பதிவு செய்தார்கள். அப்போது அவருக்கு வயது 24. கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியவில்லை. மொத்தம் 12 பாட்டு, எல்லாமே காதல் பாட்டுகள். ஒவ்வொன்றும் மூன்று, மூன்றரை நிமிடம். பின்னால் வயலின் கூட்டம் ஒன்று வாசிக்கிறது. அதற்கு இசைக்கோப்பு எழுதியவர் நீல் ஹெஃப்டி.

இந்தப் பாட்டுகளை ஜாஸ் என்கிற அமெரிக்க இசையை வாசிக்கிறவர்கள் ஸ்டாண்டர்ட்ஸ் என்பார்கள். பெரும்பாலும் 1920, 30, 40களில் மேடை நாடகங்களிலும் சினிமாவிலும் வந்த பாட்டுகள். ஊருக்கே மெட்டு தெரியும். அதை எடுத்து ஒவ்வொரு கலைஞரும் தன் போக்கில் வாசிப்பார். சாதாரணமாக, மெட்டை ஒரு தடவை வாசித்துவிட்டு, அதன் அடித்தளத்தை மட்டும் வைத்துக்கொண்டு கற்பனையில் பாய்வார்கள். பிரௌன் அந்தப் பாய்ச்சலில் பெரிய சூரர். ஆனால் இந்தத் தட்டில் அவர் அநேகமாகப் பாயவே இல்லை. மெட்டை வாசிக்கிறார், சித்தே அலங்காரம் செய்கிறார், முடித்துவிடுகிறார். எல்லா விவாதமும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கோவை பேரூர் பக்கம் என் வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு நாலைந்து பேர் கூடிப் பாட்டுக் கேட்பது வழக்கம். போன ஆடி மாதம் இந்தத் தட்டைப் போட்டேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஜன்னலை அடித்துக்கொண்டே இருந்ததால் எல்லாவற்றையும் சாத்திவிட்டுத்தான் கேட்டோம். யார் வாசித்தது, என்ன கதை என்று ஒன்றும் முன்கூட்டிச் சொல்லவில்லை. காரணம் பிறகு சொல்கிறேன்.

கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிற நண்பருக்கு ஜாஸ் நன்றாகவே தெரியும். இரண்டாவது பாட்டிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். டிரம்ஸ் மேக்ஸ் ரோச்சோடு சேர்ந்து பிரௌன் வேகமாக வாசித்த பதிவுகள் அவருக்கு உயிர். “காங்கேயம் காளையைக் கொண்டாந்து வாசல்ல கட்டி மாலை போட்டு வச்ச மாதிரி இருக்குதுங்க. அழகுதான், இல்லைங்கல. ஆனா ரேக்ளாவுல ஓடறதைப் பாத்தவனுக்கு இது போதுங்களா?” என்றார். நியாயமான கேள்வி. அதே ரோச்தான் இதிலும் டிரம்ஸ். இருக்கிற இடமே தெரியாமல் வாசிக்கிறார்.

கல்லூரியில் படித்துக்கொண்டே வயலின் கற்கும் பெண் ஒருவர் வந்திருந்தார். அவருடைய குறை வயலின்களைப் பற்றி. “பாகு கொஞ்சம் அதிகங்க அய்யா. வயலின் எதுவுமே பேசலை, சும்மா பின்னால துணி விரிச்ச மாதிரி நிக்குது” என்றார். இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தட்டின் பலவீனம் அதுதான். டிரம்பெட் ஒரு வரி சொன்னால் வயலின் பதிலுக்கு ஒரு வரி சொல்லியிருக்கலாம். பல இடங்களில் வெறுமனே நிரப்பிக்கொண்டு போகிறது.

எதிர்வீட்டு அக்கா ஆறாவது பாட்டில், “எல்லாம் ஒரே பாட்டு மாதிரி இருக்குதே சாமி” என்று எழுந்து காபி போடப் போனார். வேகம் மாறாமல் 12 பாட்டை வரிசையாகக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ராத்திரி வேலையெல்லாம் முடிந்து இரண்டு பாட்டு, மறுநாள் இரண்டு பாட்டு என்று கேட்க வேண்டிய தட்டு இது. ஒரே மூச்சில் போட்டது என் தப்பு.

கோயிலில் நாதசுரம் வாசித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக் கேட்டார். “ஆலாபனை இல்லாம கீர்த்தனையை மட்டும் வாசிச்ச மாதிரி இருக்கு. ஆனா ஒண்ணு, எனக்கு இங்கிலீஸ் தெரியாது, இருந்தாலும் இந்தப் பாட்டுல சொல்லு எங்க முடியுது, அடுத்த சொல்லு எங்க தொடங்குதுன்னு தெரியுது. அது லேசுப்பட்ட காரியமில்லை” என்றார். நாதசுரத்தில் சாகித்தியம், அதாவது பாட்டின் சொல், கேட்க வேண்டும் என்பது நம் பெரியவர்கள் வைத்திருக்கிற அளவுகோல். அந்தக் கோலை வைத்து அளந்தால் பிரௌன் எங்கேயும் குறையவில்லை.

அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தவர் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதும் தம்பி. வயது நாற்பதுக்கு மேல். மௌத்பீஸ் அழுத்தி அழுத்தி மேலுதட்டின் நடுவில் வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். பாட்டு ஓடும்போது அவருடைய வலதுகை மூன்று விரலும் முட்டிமேல் தானாக அழுந்தி எழுந்துகொண்டிருந்தன. வாத்தியத்தில் இருக்கிற வால்வு மூன்றுதான். மீதி அத்தனை சுரமும் உதட்டு இறுக்கத்திலும் மூச்சிலும் பிறக்க வேண்டும்.

தட்டு முடிந்ததும் சொன்னார்: “அண்ணா, வேகமா ஊதறதுல தப்பு வந்தா யாருக்கும் தெரியாதுங்க. அடுத்த சுரம் வந்து மூடிக்கும். மெதுவா ஊதறப்ப மூட ஒண்ணுமே இல்லை. தம்மைக் குறைச்சா சுரம் பிசிறடிக்கும், இல்லைன்னா கீழ விழுந்துரும். இந்த ஆளு ஒரு சுரத்தைச் சின்னதா தொடங்கறாரு, நடுவுல பெருசாக்கறாரு, மறுபடி சின்னதாக்கி வைக்கறாரு. வச்ச இடத்துல அலை மாதிரி லேசா ஒரு ஆட்டம். எங்க மூச்சு எடுக்கறாருன்னே தெரியலீங்க.” சொல்லிவிட்டு உதட்டைத் தடவிக்கொண்டார்.

நான் இந்தத் தட்டை எத்தனையோ வருடமாகக் கேட்கிறேன். மெட்டை நேராக வாசித்ததற்குக் காரணம் சோம்பலா, கம்பெனிக்காரர்களின் வியாபாரக் கணக்கா என்றெல்லாம் மற்றவர்கள் பேசியதைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தத் தம்பியின் பேச்சில் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. பாயத் தெரிந்தவர் பாயாமல் நிற்பதற்கும் வேறொரு பயிற்சி வேண்டும். இந்தத் தட்டில் நான் விரும்பிக் கேட்பது அந்த நிதானத்தைத்தான்.

எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் மீதியைச் சொன்னேன். பதிவு முடிந்து ஒன்றரை வருடத்தில், 1956 ஜூன் 26 அன்று, பென்சில்வேனியாவில் மழை ராத்திரியில் நடந்த கார் விபத்தில் பிரௌன் இறந்துபோனார். வயது 25. இந்தத் தட்டில் பியானோ வாசித்த ரிச்சி பவலும் அவர் மனைவியும் அதே காரில் இறந்தார்கள். பிரௌன் போதைப் பழக்கம் எதுவும் இல்லாத மனிதர். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாட்டைக் கேட்டிருக்க மாட்டார்கள், பரிதாபத்தைத்தான் கேட்டிருப்பார்கள்.

லேத்துப் பட்டறை நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “இருபத்தஞ்சுதாங்களா?” என்றார். ஆனாலும் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

தம்பி அந்தப் பாட்டுகளைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்து ஒரு பொழுதோடு டிரம்பெட்டோடு வந்தார். மில்லில் முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் பக்கத்து வீட்டில் தூங்குகிறார்கள் என்று, வாத்தியத்தின் அகன்ற வாயில் துண்டைச் சுருட்டி வைத்தார். திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தட்டில் இருக்கிற ‘லாரா’ பாட்டை வாசித்தார். முதல் தடவை நடுவில் சுரம் உடைந்தது. நிறுத்தி, மௌத்பீஸைத் துடைத்து, முதலிலிருந்து தொடங்கினார். இரண்டாம் தடவை கடைசிவரை போனார். அவர் மூச்சு எடுத்த இடங்கள் எனக்குக் கேட்டன. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த என் அம்மா குரல் கொடுத்தார்: “ஏங் கண்ணு, இது எந்தப் படத்துப் பாட்டு?”

“லாரான்னு ஒரு படம்மா. 1944ல வந்துச்சு” என்றேன்.

“நல்லாருக்குது. இன்னொருக்கா ஊதச் சொல்லு.”