தாது வருடத்துச் சாவுக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரி, 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்தது. அதற்குப் பிறகு 1876 முதல் 78 வரை நீடித்தது தாது வருடப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் அது எத்தனை உயிரைக் கொண்டுபோனது?

1871 மக்கள்தொகைக் கணக்கில் மாகாணத்தில் சுமார் 3 கோடியே 12 லட்சம் பேர். 1881-ல் சுமார் 3 கோடியே 8 லட்சம். கழித்தால் 4 லட்சம்தான் வரும். அதையே சாவுக் கணக்கென்று சொன்னால் பெரிய அநியாயம். பஞ்சம் வராமலிருந்தால் மக்கள் பெருகியிருப்பார்கள் அல்லவா? ஆண்டுக்கு அரை சதவீதம் பெருக்கம் என்று வைத்தால், 1881-ல் இருந்திருக்க வேண்டியவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் நடுவே விழுந்த பள்ளம் 20 லட்சம். ஒரு சதவீதம் என்றால் 37 லட்சத்தைத் தொடுகிறது. அந்தப் பள்ளம் முழுக்கச் சாவும் இல்லை. பிறக்காமல் போன பிள்ளைகளும், இலங்கைக்கும் பர்மாவுக்கும் கப்பலேறியவர்களும் அதில் கலந்திருக்கிறார்கள். 1871-லேயே ஆட்கள் விட்டுப்போயிருந்தால் இழப்பு இன்னும் கூடும்.

சரி, சாவுப் பதிவேட்டையே பார்த்தால் என்ன? ஊரில் அதை எழுத வேண்டியவர்கள் கிராம அதிகாரிகளான முன்சீபும் கர்ணமும். ஊரே காலியாகும்போது யார் எழுதுவது? செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து நடந்து வந்து வழியில் விழுந்தவருக்குச் சொந்த ஊர் ஏட்டில் வரியே இல்லை. பட்டணம் வந்து செத்திருந்தால் பட்டணத்துக் கணக்கில் ஏறும். அதனால் பட்டணத்துச் சாவு ஊதியும் கிராமத்துச் சாவு சுருங்கியும் தெரியும். பதிவு குறைந்த ஊரில் சாவும் குறைவு என்று படிப்பது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. அங்கேதான் அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

காரணம் எழுதும் கட்டத்தையும் அப்படியே நம்ப முடியாது. பட்டினியில் ஒடுங்கிய உடம்பைக் காலராவோ பேதியோ காய்ச்சலோ முடித்துவிடும். ஏட்டில் நோயின் பெயர்தான் ஏறும். அதனால் நோய்ப் பெயரை விட்டுவிட்டு, சாதாரண ஆண்டுச் சாவைவிட எவ்வளவு கூடியது என்று பார்க்கிறோம்.

மாவட்டவாரியாகப் பிரித்தால் இன்னும் தெளிவு. சேலத்தில் 1871-ல் 19 லட்சத்துக்கு மேல் இருந்தவர்கள், 1881-ல் ஏறத்தாழ 16 லட்சம். மாகாண மொத்தத்தில் 4 லட்சமாகத் தெரிந்த குறைவில், அந்த ஒரு மாவட்டத்துப் பங்கே 3 லட்சத்துக்கு மேல். சேலம் போல அடிபட்ட மாவட்டங்களின் இழப்பில் பெரும்பகுதியை, மற்ற இடத்துப் பெருக்கம் மாகாண மொத்தத்தில் மூடிவிடுகிறது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துக் கோயில், மாதா கோயில், தர்காவிலோ அந்தக் காலத்து அடக்க ஏடோ அன்னதானக் கணக்கோ கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஆவணக் காப்பகத்தில் சேருங்கள். நன்றி.